கைரூத்தி முதல் சாஷே வரை: ஒரு களிம்பின் வரலாறும் நம் வீட்டு வீண்விரயமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மார்கழி, தை மாதங்களில் எங்கள் பேரிகையில் ஃபஜ்ருக்கு உளூச் செய்வது சற்றே கடினமான காரியம். ஓசூர்ப் பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் அமைந்த மேட்டுநிலம். விடியற்காலையில் பனி இறங்கும். ஹவுளுத் தண்ணீர் விரலைக் கடிக்கும். பகலில் வறண்ட காற்று வீசும். இரண்டு வாரங்களில் குழந்தைகளின் புறங்கை சாம்பல் பூத்து, விரல் முட்டிகளில் வெடிப்புக் கண்டுவிடும்.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் மதரஸாவின் காலை வகுப்புக்கு வரும் ஒரு சிறுவன், விரல் நுனிகளை மட்டும் நனைத்துவிட்டு உளூவை முடித்துக்கொள்வதைக் கண்டேன். "முழங்கை வரைக்கும் கழுவணும்னு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கேன்?" என்று மற்ற மாணவர்கள் முன்னிலையிலேயே கடிந்துகொண்டேன். அவன் பதில் சொல்லாமல் கைகளை நீட்டினான். முட்டிகளில் தோல் பிளந்து இரத்தம் கசிந்திருந்தது. "எரியுது ஹஜ்ரத். அம்மா வாங்கின பாக்கெட் தீர்ந்துபோச்சு" என்றான். ரோஜாத் தோட்டத்துப் பசுமைக்குடிலில் நாட்கூலிக்குச் செல்லும் தாயின் பிள்ளை அவன். உளூவின் ஃபர்ளுகளைக் கற்பிக்கும் நான், அந்த ஃபர்ளை நிறைவேற்ற வேண்டிய கைகளைப் பார்க்கத் தவறியிருந்தேன்.

இரண்டு கேள்விகள் அன்று எழுந்தன. பாக்கெட்டில் விற்கும் களிம்பு வருவதற்கு முன் மக்கள் வெடித்த தோலுக்கு என்ன செய்தார்கள்? தீர்ந்துபோன அந்தப் பாக்கெட் இப்போது எங்கே கிடக்கிறது? இவ்விரண்டுக்கும் விடை தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்ணெயும் அளவும்

முதலில் நம் மார்க்கத்தின் அடிப்படையைப் பார்ப்போம். சைத்தூன் எண்ணெயை உண்ணவும் உடலில் பூசவும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தி, அது பரக்கத் பொருந்திய மரத்திலிருந்து வருவதாகக் கூறிய செய்தி திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. சூரத்துந் நூரின் 35ஆம் வசனத்தில் ஒளிக்கு உவமையாக வரும் மரமும் சைத்தூனே. ஆகவே தோலுக்கு எண்ணெய் பூசிக்கொள்வது வீண் அலங்காரம் என்று யாரும் ஒதுக்கத் தேவையில்லை. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணுவதும் கடமைதான்.

அதே மார்க்கம் அளவையும் கற்பித்தது. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் உளூச் செய்வார்கள் என்றும், ஒரு 'ஸாஉ' முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. முத்து என்பது இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. வணக்கத்திற்கான தண்ணீரிலேயே இந்த அளவு பேணப்பட்டதென்றால், பூசிக்கொள்ளும் களிம்பிலும் அதைச் சுற்றியிருக்கும் உறையிலும் இஸ்ராஃபைத் தவிர்ப்பது எவ்வளவு அவசியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று கற்ற சமுதாயம் நாம். அகற்றுவது ஈமானின் கிளை என்றால், போடாமலிருப்பது அதற்கு முந்திய படி.

பெர்கமோனிலிருந்து பக்தாத்துக்கு

இன்றைய துருக்கியில் பெர்காமா என்று வழங்கும் ஊரின் பழம்பெயர் பெர்கமோன். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்தவர் காலேன். நம் நூல்களில் ஜாலீனூஸ் என்று வருபவர். தேன்மெழுகை எண்ணெயில் உருக்கி, அதில் சிறிது சிறிதாகத் தண்ணீரைச் சேர்த்துக் குழைத்து ஒரு களிம்பு செய்யும் முறை அவர் பெயரால் அறியப்படுகிறது. அதைத் தோலில் பூசியதும் அதிலுள்ள நீர் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். இன்று கடைகளில் 'கோல்டு கிரீம்' என்று விற்கப்படும் பொருளின் மூதாதை இதுவே.

கிரேக்க மொழியில் மெழுகுக்குக் 'கேரோஸ்' என்று பெயர். மெழுகுக் களிம்பு 'கேரோத்தே'. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ அறிஞரும் அவருடைய குழுவினரும் ஜாலீனூஸின் நூல்களைப் பெருமளவில் சிரியாக், அரபு மொழிகளுக்குக் கொண்டுவந்தார்கள். அக்காலத்தில் அச்சொல்லும் அரபியில் 'கைரூத்தி' ஆயிற்று. இப்னு சீனா (980-1037) அவர்களின் 'அல்கானூன்' நூலிலும் இச்சொல் வருகிறது. யூனானி ஹகீம்கள் இன்றும் மெழுகும் எண்ணெயும் சேர்ந்த களிம்பைக் கைரூத்தி என்றே அழைக்கிறார்கள். ஒரு பொருள் கிரேக்க மருத்துவரிடம் தொடங்கி, கிறிஸ்தவ மொழிபெயர்ப்பாளரின் பேனா வழியாக, முஸ்லிம் மருத்துவர்களின் கையில் வளர்ந்திருக்கிறது. நல்லது எங்கிருந்து வந்தாலும் ஏற்றுக்கொண்ட காலம் அது.

பன்னீரின் கதையும் இதனோடு இணைந்தது. 9ஆம் நூற்றாண்டின் அல்கிந்தி அவர்கள் வாசனைத் திரவியங்களையும் வாலை வடித்தலையும் பற்றித் தனி நூலே எழுதி, நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகளைத் தொகுத்தார்கள். பாரசீகத்தின் ஜூர் என்ற ஊரின் பன்னீரை 10ஆம் நூற்றாண்டுப் புவியியல் அறிஞர்கள் புகழ்ந்து குறித்துள்ளார்கள். அது பல நாடுகளுக்கு ஏற்றுமதியான சரக்கு.

குர்துபாவும் சந்தைக் கண்காணிப்பும்

அந்தலூஸின் குர்துபா நகரத்தை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. 1013ஆம் ஆண்டளவில் மறைந்த இவரை அறுவை மருத்துவத்தின் முன்னோடியாக உலகம் போற்றுகிறது. இவருடைய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பகுதிகள் கொண்ட பெருநூல். அதன் 19ஆம் பகுதி முழுவதும் வாசனைப் பொருட்களையும் அழகுப் பராமரிப்பையும் பற்றியது. கைக்கும் தோலுக்கும் முடிக்கும் செய்யும் பராமரிப்பை மருத்துவத்தின் ஒரு கிளையாகவே அவர் கருதினார்.

செய்பவர்கள் பெருகியபோது கலப்படமும் பெருகியது. அதற்காகவே ஹிஸ்பா என்ற சந்தைக் கண்காணிப்பு அமைப்பு இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரி அவர்கள் சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கென்று ஒரு கையேடு எழுதினார்கள். மருந்துச் சரக்கு விற்போரும் அத்தர் விற்போரும் எதில் எதைக் கலப்பார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் அதில் விளக்கியிருக்கிறார்கள். 'இயற்கையானது' என்று எழுதியிருந்தால் போதும் என நம்பி வாங்கும் நமக்கு அந்தக் கையேட்டின் உணர்வு இன்றும் தேவை.

இந்த வரலாற்றில் நான் கவனித்த ஒன்று உண்டு. களிம்பு சிறு அளவில் செய்யப்பட்டது. மண் கலயத்திலோ கண்ணாடிக் குப்பியிலோ பீங்கான் ஜாடியிலோ வைக்கப்பட்டது. தீர்ந்ததும் அதே பாத்திரம் மீண்டும் நிரப்பப்பட்டது. தூக்கி எறிவதற்கென்றே ஒரு பாத்திரத்தைச் செய்யும் எண்ணம் அக்காலத்தில் எவருக்கும் தோன்றியிருக்காது.

நம் மண்ணின் வழக்கம்

தமிழகத்தில் யூனானி தனியாக நின்றுவிடவில்லை. சித்தமும் ஆயுர்வேதமும் அதற்கு அண்டை வீட்டாராக இருந்தன. சித்த மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய் என்று ஒரு மருந்து உண்டு. குங்கிலியத்தை நல்லெண்ணெயில் உருக்கி, தண்ணீர் விட்டுப் பலமுறை கழுவிக் கடைந்தால் அது வெண்ணெய்ப் பதத்திற்கு வரும். ஆயுர்வேதத்திலோ நெய்யைச் செம்புப் பாத்திரத்தில் நூறு முறை நீர்விட்டுக் கழுவி வெண்மையான களிம்பாக்கும் முறை இருக்கிறது. எண்ணெயையும் நீரையும் பொறுமையாகச் சேர்த்தல் என்பதே இவற்றின் சாரம். ஜாலீனூஸ் செய்ததும் அதுவே.

சென்னை அரும்பாக்கத்தில் 1979 முதல் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. ஆனால் அக்கலை பெரிதும் வாழ்ந்தது வாணியம்பாடி, ஆம்பூர், கிருஷ்ணகிரி போன்ற ஊர்களின் ஹகீம்களிடமும், நம் வீட்டு மூதாட்டியரிடமும்தான். எங்கள் வீட்டில் தக்கினி உருது, பள்ளியில் தமிழ், சந்தையில் தெலுங்கும் கன்னடமும் என்று நான்கு மொழிகளில் வாழ்க்கை நடக்கும். என் நன்னிமாவுக்குக் கைரூத்தி என்ற சொல் தெரியாது. ஆனால் குளிர்காலம் தொடங்கும்போது விளக்கெண்ணெயில் தேன்மெழுகைப் போட்டு உருக்கி, பழைய பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி வைப்பார். இரவில் எங்கள் குதிகால்களில் அதைத் தடவிவிட்டு, பழந்துணியைச் சுற்றிப் படுக்க வைப்பார். அந்தக் கிண்ணம் ஒவ்வோர் ஆண்டும் அதே கிண்ணம்தான். விளிம்பில் ஓரிடம் உடைந்திருந்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

ஸ்னோ பாட்டில்

தொழிற்சாலைக் களிம்பின் வரலாறு நீண்டதன்று. பெட்ரோலியக் கசடிலிருந்து வாசலின் தயாரிக்கும் முறைக்கு ராபர்ட் செஸ்பரோ அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1872ஆம் ஆண்டில். இந்தியாவில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பம்பாயின் ஈ.எஸ்.பட்டன்வாலா என்ற முஸ்லிம் வணிகர் 'ஆப்கான் ஸ்னோ' என்ற முகப்பூச்சைக் கொண்டுவந்தார். நம் மூத்த தலைமுறை எந்த முகக் களிம்பையும் 'ஸ்னோ' என்றே சொல்லிப் பழகியது அக்காலத்தில்தான்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், வாசலின் போன்றவை தோலின் ஈரம் வெளியேறாமல் தடுப்பதில் திறமையானவை, அவற்றைப் பழிப்பதற்கில்லை. ஸ்னோ வந்ததும் கண்ணாடி ஜாடியில். அது தீர்ந்தால் யாரும் எறியமாட்டார்கள். கழுவிக் காயவைத்து, கிராம்போ ஏலக்காயோ போட்டு அடுக்கில் வைப்பார்கள். களிம்பு ஆலையில் தயாரானாலும் பாத்திரம் இன்னும் வீட்டுக்குச் சொந்தமாகவே இருந்தது.

கடலூரில் பிறந்த பாக்கெட்

பாத்திரம் மாறிய கதை நம் தமிழகத்திலேயே, கடலூரில் தொடங்குகிறது. அவ்வூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பவர் முகப்பவுடர், எப்சம் உப்பு போன்ற பொருட்களைச் சிறு சிறு பொட்டலங்களில் அடைத்து விற்கும் முயற்சிகளில் ஈடுபட்டவர். வசதியுள்ளவர் பயன்படுத்தும் பொருள் கூலித் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவர் மறைவுக்குப் பின் அவருடைய பிள்ளைகள் 'வெல்வெட்' ஷாம்பூவைச் சிறு பிளாஸ்டிக் பாக்கெட்டில் சந்தைக்குக் கொண்டுவந்தனர். மகன்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 1983ஆம் ஆண்டில் 15,000 ரூபாய் முதலீட்டில் 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கினார். பின்னாளில் 'கெவின்கேர்' என்று பெயர் பெற்ற நிறுவனம் அது. ஷாம்பூவில் தொடங்கிய இந்த உறை எண்ணெய்க்கும் முகக் களிம்புக்கும் ஊறுகாய்க்கும் பரவியது. பன்னாட்டு நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

இந்த எண்ணத்தில் நீதி இருந்தது என்பதை மறுக்க முடியாது. மாதக் கடைசியில் ஐம்பது ரூபாய் பாட்டில் வாங்க முடியாத தாய், ஒரு ரூபாய் கொடுத்துத் தன் பிள்ளையின் தலையைக் கழுவ முடிந்தது. அந்தக் கண்ணியத்தை நாம் இகழக் கூடாது.

இவ்வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. தொடக்க காலத்தில், எந்த நிறுவனத்தின் பாக்கெட்டானாலும் ஐந்து காலி உறைகளைக் கொண்டுவந்தால் ஒரு 'சிக்' பாக்கெட் இலவசம் என்று ரங்கநாதன் அறிவித்தார்; பின்னர் அதைத் தம் நிறுவன உறைகளுக்கு மட்டும் என்று மாற்றினார். விற்பனையைப் பெருக்கும் உத்திதான் அது. ஆயினும் சிறிது காலமேனும் காலி உறைக்கு ஒரு மதிப்பு இருந்தது. குழந்தைகள் அதைத் தேடிப் பொறுக்கினார்கள். சலுகை முடிந்ததும் உறை மீண்டும் குப்பையாயிற்று.

அந்தக் குப்பை சாதாரணமானது அன்று. பெரும்பாலான பாக்கெட்டுகளில் பலவகைப் பிளாஸ்டிக் படலங்களும், சிலவற்றில் அலுமினியத் தாளும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருக்கும். அந்த அடுக்குகளைப் பிரித்தெடுப்பது கடினம். எடையோ மிகக் குறைவு. எனவே பழைய சாமான் வாங்குபவர் பாட்டிலை எடுத்துக்கொள்வார், பாக்கெட்டைத் தொடமாட்டார். தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை விதித்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கியது. கடைக்குப் பை எடுத்துச் செல்லப் பலர் பழகிவிட்டோம். ஆனால் அந்த மஞ்சப்பைக்குள் போட்டுக் கொண்டுவரும் சரங்களில் பாக்கெட்டுகள் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பின் மாணவர்களை அழைத்துக்கொண்டு மதரஸாவைச் சுற்றியுள்ள சாக்கடையோரத்தைச் சுத்தம் செய்தோம். ஒரு கோணிப்பை நிறைந்தது. பெரும்பகுதி இத்தகைய உறைகளே. சில, உளூச் செய்யும் இடத்தின் பின்புறத்திலேயே கிடந்தன.

ரோஜா விளையும் ஊரில்

ஓசூர், பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம் வட்டாரம் பசுமைக்குடில் ரோஜாவுக்குப் பேர்பெற்றது. பிப்ரவரி மாதத்தில் இங்கிருந்து 'தாஜ்மகால்' போன்ற சிவப்பு ரோஜா வகைகள் வெளிநாடுகளுக்கும் செல்லும். ஆனால் சந்தை சரிந்தால் அதே பூ குப்பைக்குப் போகும். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் திருமணங்களும் விமானங்களும் நின்றபோது பூக்களை வெட்டிக் கொட்டிய காட்சியை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள்.

இந்தப் பூவை வீணாக்காமல் பன்னீர் வடிக்கலாமே என்று நானும் நினைத்தேன். பூ வேலை தெரிந்த ஒரு சகோதரர் தடுத்தார். பசுமைக்குடில் ரோஜா, காம்பு நீளத்துக்காகவும் நாள்பட வாடாமலிருப்பதற்காகவும் வளர்க்கப்படுவது; மணம் குறைவு, பூச்சிமருந்து தெளிப்பு அதிகம். அதைத் தோலில் பூசும் பொருளுக்குப் பயன்படுத்தக் கூடாது. பன்னீருக்கு வேண்டியது மருந்து தெளிக்காமல் வீட்டில் வளர்த்த பன்னீர் ரோஜா. 'இயற்கை' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

இரண்டாவது பாடத்தை என் சொந்தத் தவறிலிருந்து கற்றேன். முதல் முயற்சியில் ஜாலீனூஸைப் போலவே எண்ணெய், மெழுகுடன் பன்னீரையும் சேர்த்துக் குழைத்தேன். வெண்மையாக, அழகாகத் திரண்டது. மாணவர்களிடம் பெருமையாகக் காட்டினேன். பத்து நாட்களில் மூடியைத் திறந்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பூத்திருந்தது. தண்ணீர் சேர்ந்த எந்தக் களிம்பிலும் கிருமிகள் வளரும். ஆலைகள் அதற்காகவே பதப்படுத்தும் பொருளைச் சேர்க்கின்றன. முன்னோர் கெடும் முன்னே தீரும்படி சிறிதளவே செய்தார்கள். அதை மறந்து அவர்களைப் பின்பற்றியது என் பிழை. அந்தக் கிண்ணம் முழுவதையும் குப்பையில் கொட்ட வேண்டியதாயிற்று. வீண்விரயத்தைத் தவிர்க்கச் செய்த முயற்சியே வீண்விரயமானது.

நாங்கள் இப்போது செய்யும் முறை

ஆகவே தண்ணீரே சேராத, நன்னிமாவின் முறைக்குத் திரும்பினோம்.

நல்லெண்ணெய் 100 கிராம், தேன்மெழுகு 20 கிராம். அதாவது ஐந்து பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு. இளக்கமாக வேண்டுமானால் மெழுகைச் சற்றுக் குறைக்கலாம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸிலேயே உறையத் தொடங்குவதால், எங்கள் ஊர்க் குளிருக்கு நல்லெண்ணெயே ஏற்றது. விரும்பினால் அதில் கால் பங்கை விளக்கெண்ணெயாகக் கொள்ளலாம். தேன்மெழுகு நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும். மெழுகுவர்த்தி மெழுகைத் தேன்மெழுகு என்று விற்பவரும் உண்டு. தேனின் மெல்லிய மணம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதனுள் இன்னொரு கிண்ணத்தை வைத்து, அதில் எண்ணெயையும் மெழுகையும் இட்டு உருக்க வேண்டும். நேரடி நெருப்பில் வைக்கக் கூடாது, தீப்பற்றும். மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகிவிடும், அதற்குமேல் சூடு தேவையில்லை. உருகியதும் இறக்கி, கொதிநீரில் கழுவி வெயிலில் முற்றிலும் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஆறவிடுங்கள். ஒரு சொட்டு ஈரம்கூட உள்ளே இருக்கக் கூடாது. ஈரக் கையை உள்ளே விடவும் கூடாது. இரண்டு மூன்று மாதங்களுக்குப் போதுமான அளவே செய்யுங்கள். சிக்கு வாடை வந்தால் பயன்படுத்த வேண்டாம்.

முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாறு போன்றவற்றைக் கலக்க வேண்டாம். திறந்த புண், சொறி, பச்சிளங்குழந்தையின் தோல், நீரிழிவுள்ளவரின் பாத வெடிப்பு ஆகியவற்றுக்கு மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

இந்தக் களிம்பு தோலுக்கு ஈரத்தைத் தருவதில்லை. தோலிலுள்ள ஈரம் வெளியேறாமல் மூடுகிறது. ஆகவே கை சற்றே ஈரமாக இருக்கும்போது பூசுவதே பயன் தரும். உளூச் செய்து, துணியால் ஒற்றியெடுத்த உடனே பூசிக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

உளூவும் மெழுகும்

இங்கே ஒரு மார்க்கச் சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். உளூவின் உறுப்புகளில் மெழுகோ மாவோ படலமாகப் படிந்து நீர் தோலைச் சேரவிடாமல் தடுத்தால் உளூ நிறைவேறாது. எண்ணெயின் பிசுபிசுப்பு மட்டும் இருந்து, நீர் தோலின் மீது ஓடிவிட்டால் அது தடையாகாது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'அல்மஜ்மூஉ' நூலில் இதைத் தெளிவுபடுத்தியுள்ளார்கள். எனவே மெல்லியதாகப் பூசுங்கள். இரவில் குதிகாலில் கனமாகப் பூசியிருந்தால், ஃபஜ்ருக்கு முன் வெதுவெதுப்பான நீரால் தேய்த்துக் கழுவிவிட்டு உளூச் செய்யுங்கள். ஹஜ், உம்ரா செல்வோர் இஹ்ராமில் எண்ணெய் பூசுவது பற்றி மத்ஹபுகளிடையே வேறுபாடு உள்ளதால், தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும்.

பாட்டிலோடு வாருங்கள்

கார்த்திகை பிறந்ததும் மதரஸாவில் ஒரு பெரிய பாத்திரத்தில் இக்களிம்பைச் செய்கிறோம். மெழுகை மொத்தமாக வாங்குவதால் ஒவ்வொரு வீட்டின் செலவும் சிறிதாகிறது. ஒரு ரூபாய் பாக்கெட் வாங்கும் தாய்க்கு எட்டாத விலையில் 'இயற்கைக் களிம்பு' செய்து நாம் மட்டும் பூசிக்கொண்டால், கடலூரில் அன்று எழுந்த கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை என்றே பொருள். ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு மாணவனும் வீட்டிலிருந்து ஒரு காலிக் கண்ணாடிப் பாட்டிலைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவர வேண்டும். ஊறுகாய்ப் பாட்டில், மருந்துப் பாட்டில், தேன் பாட்டில் எதுவானாலும் சரி. தீர்ந்தால் அதே பாட்டிலில் மீண்டும் நிரப்பித் தருவோம்.

நான் கடிந்துகொண்ட சிறுவன் இரண்டு பாட்டில்களோடு வந்தான். எதற்கு இரண்டு என்று கேட்டேன். "ஒண்ணு அம்மாவுக்கு, ஹஜ்ரத். ரோஜா முள்ளு குத்தி அவங்க கையும் வெடிச்சிருக்கு" என்றான். முள் குத்திய காயம் ஆறும்வரை பூச வேண்டாம், வெடிப்புக்கு மட்டும் பூசச் சொல் என்று கூறி, இரண்டையும் நிரப்பிக் கொடுத்தேன். அன்று எல்லோர் முன்னிலையிலும் திட்டியதற்கு, எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

உங்கள் ஊரில் குளிர் இல்லாமலிருக்கலாம், ரோஜாவும் இல்லாமலிருக்கலாம். ஆனால் அடுக்களையில் ஒரு காலிக் கண்ணாடிப் பாட்டில் நிச்சயம் இருக்கும். அதை எறிவதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உடலையும், நாம் வாழும் மண்ணையும் அமானிதமாகப் பேணும் நல்லோர் கூட்டத்தில் நம்மைச் சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.